ஹைலம் பிடி போட்ட கத்தி

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம், நெஸ்பிரெஸ்ஸோ காப்பி நிறுவனத்தோடு சேர்ந்து அவ்வப்போது ஒரு மடக்குக் கத்தியை வெளியிடுகிறது. குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்வார்கள், தீர்ந்தால் தீர்ந்தது. பிடியின் இரு பக்கத் தகடுகளும், குடித்து முடித்த காப்பிக் காப்ஸ்யூல்களை உருக்கி எடுத்த அலுமினியம். ஒரு கத்திக்கு 24 காப்ஸ்யூல். எந்த வகைக் காப்பியின் காப்ஸ்யூலோ, அந்த நிறத்திலேயே பிடியும் இருக்கும். என்னிடம் இருப்பது பழுப்பு. மடக்கினால் 93 மில்லிமீட்டர். உள்ளே ஒரு கத்தி அலகு, டின் திறக்க ஒன்று, பாட்டில் மூடி திறக்க ஒன்று, தோலில் துளை போட ஒரு ஊசி.

நம் ஊரில் காப்ஸ்யூல் என்றால் மாத்திரை. அதனால் ஒரு விளக்கம். இது கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருத்த சின்ன அலுமினியக் கிண்ணம். உள்ளே 5 அல்லது 6 கிராம் காப்பித்தூள் அடைத்து மூடியிருப்பார்கள். மெஷினுக்குள் போட்டு பட்டனை அழுத்தினால் சூடான தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே பாய்ந்து, மறுபக்கம் நுரையோடு காப்பியாக வரும். ஒரு கோப்பைக்கு ஒரு கிண்ணம். நெஸ்லேயில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் 1976இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1986இல் நெஸ்பிரெஸ்ஸோ என்ற தனி நிறுவனமாகச் சந்தைக்கு வந்தது. டபராவும் டம்ளரும் கழுவி வைத்தே காப்பி குடித்துப் பழகிய நமக்கு, ஒவ்வொரு வாய்க் காப்பிக்கும் ஒரு உலோகக் கிண்ணத்தை வீசுவது என்பது முதலில் நம்பவே முடியாத விஷயம்.

எங்கள் அணியில் வேலை பார்த்த சூரிச் நண்பர் ஒருவர், ப்ராஜெக்ட் முடிந்து ஊர் திரும்பும்போது எனக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனார். "குப்பையிலிருந்து செய்தது" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமையில் பொய் இல்லை. அலுமினியத்தைப் பொறுத்தவரை மறுசுழற்சி என்பது உண்மையிலேயே பெரிய காரியம். பாக்சைட்டை வெட்டி, அலுமினாவாக்கி, உருக்கிய உப்புக் குளியலில் மின்சாரம் பாய்ச்சித்தான் அலுமினியத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். யேற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அப்படித்தான் மேட்டூரில் பல ஆண்டுகள் அலுமினியமானது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் அந்தக் கடைசிப் படிக்கு மட்டுமே போகும். பழைய அலுமினியத்தை உருக்க, புதிதாக எடுப்பதற்கு ஆகும் மொத்த ஆற்றலில் 5 சதவீதம் போதும். எத்தனை முறை உருக்கினாலும் அது அலுமினியம்தான்.

நான் கணக்குப் போட்டுப் பார்க்கிற ஆள். ஒரு காப்ஸ்யூலில் சுமார் 1 கிராம் அலுமினியம். 24 காப்ஸ்யூலுக்கு 24 கிராம். அதைப் புதிதாகப் பிரித்தெடுக்க 0.36 யூனிட். வீட்டுச் சீலிங் ஃபேன் ஐந்து மணி நேரம் ஓடுகிற மின்சாரம். ஒரு கத்தியின் பிடி மிச்சப்படுத்துவது இவ்வளவுதான். இன்னொரு கணக்கு: தினமும் இரண்டு காப்பி குடிக்கிறவர் வருடத்துக்கு 730 காப்ஸ்யூல் வீசுவார். முப்பது கத்திக்கான பிடி. முப்பது கத்தியை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வது?

ஆக, இந்தக் கத்தி குப்பையைத் தீர்க்க வந்ததல்ல, குப்பையைப் பற்றி ஒரு நல்ல கதை சொல்ல வந்தது. அந்தக் கதை அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016இல் அரசுப் பணத்தில் காப்பிக் காப்ஸ்யூல் வாங்கக் கூடாது என்று தடை போட்டது. அமெரிக்காவில் கே-கப் என்ற பிளாஸ்டிக் காப்ஸ்யூலைக் கண்டுபிடித்த ஜான் சில்வன், அதை ஏன்தான் கண்டுபிடித்தோமோ என்று சில சமயம் வருந்துவதாக 2015இல் வெளிப்படையாகச் சொன்னார். அப்படிப்பட்ட சூழலில் ஒரு நிறுவனம் தன் குப்பையைத் திரும்ப வாங்கி, தன் நாட்டின் மிகப் புகழ்பெற்ற பொருளுக்குப் பிடியாக்கி, அழகான பெட்டியில் வைத்து விற்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். அதைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் இன்னொரு மடக்குக் கத்தி இருக்கிறது. அதன் பிடியும் குப்பையிலிருந்து வந்ததுதான். அதற்குப் பெட்டி இல்லை.

*

என் அப்பா கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர். எங்கள் வீட்டுக் கத்தியை அவர்தான் செய்தார், 1997 வாக்கில். அதன் அலகு பவர் ஆக்சா பிளேடு. கையால் அறுக்கிற சின்ன ஆக்சா இல்லை, இரும்புக் கம்பிகளையும் ஷாஃப்ட்டுகளையும் மோட்டார் ஓட்டத்தில் அறுக்கும் மெஷினில் போடும் பட்டையான பிளேடு. பல் மழுங்கிப் போனால் பட்டறையில் அதற்கு வேலை இல்லை. ஆனால் பல்லைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், அதுவும் அருமையான ஸ்டீலாக.

கோவையில் பட்டறை இருக்கும் எந்தத் தெருவிலும் இந்த பிளேடில் செய்த கத்தியைப் பார்க்கலாம். பெரும்பாலும் மடக்காத கத்தி, பிடிக்குச் சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருப்பார்கள். இது ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது எனக்குக் கல்லூரியில் மெட்டலர்ஜி பாடத்தில்தான் புரிந்தது. சாதாரணக் கத்தி ஸ்டீலைக் கிரைண்டரில் தேய்த்தால் சூடேறி, நீலம் பாய்ந்து, கடினத்தன்மை போய்விடும். மறுபடி உலையில் வைத்து டெம்பர் ஏற்ற வேண்டும். இந்த பிளேடு ஹை ஸ்பீட் ஸ்டீல். 600 டிகிரி வரை சூடானாலும் கடினம் குறையாது. அதனால் உலை இல்லாதவனும் ஒரு கிரைண்டிங் வீல் மட்டும் வைத்துக்கொண்டு இதில் கத்தி செய்துவிடலாம். கூர் பல மாதம் நிற்கும். இரண்டு குறைகள்: கீழே விழுந்தால் உடையும், துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும்.

மடக்குக் கத்திக்கு அலகு சுழல ஒரு துளை வேண்டும். ஹை ஸ்பீட் ஸ்டீலில் துளை போட முடியாது. துளை போடும் ட்ரில் பிட்டே அதே ஸ்டீல்தானே. ஆனால் பவர் ஆக்சா பிளேடின் இரண்டு முனையிலும் மெஷினில் மாட்டுவதற்கென்று ஏற்கெனவே துளை இருக்கும். அப்பா அந்தத் துளையையே சுழலும் அச்சாக்கிக்கொண்டார். துளை கொஞ்சம் பெரிது என்பதால் லேத்தில் ஒரு பித்தளை புஷ் கடைந்து போட்டார். ஸ்பிரிங் கிடையாது. நட்டை எவ்வளவு முறுக்குகிறோமோ அந்த இறுக்கம்தான் அலகைப் பிடித்து நிறுத்துகிறது.

பிடி, ஹைலம். இந்த வார்த்தை பட்டறைக்காரர்களுக்கும் எலக்ட்ரீசியன்களுக்கும் தெரியும், மற்றவர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். காகிதத்தையோ பருத்தித் துணியையோ அடுக்கடுக்காக வைத்து, பினாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினில் ஊறவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே பலகையாக்கியது. பழுப்பு நிறம், கரண்ட் பாயாது, வெந்நீருக்கும் எண்ணெய்க்கும் அசையாது. பழைய வீடுகளில் சுவிட்ச் பெட்டியின் மேல் பலகை, மோட்டாரின் டெர்மினல் போர்டு எல்லாம் இதில்தான் இருந்தன. ஹைதராபாத் கம்பெனி ஒன்றின் பெயர்ச்சுருக்கம், நாளடைவில் பொருளின் பெயரே ஆகிவிட்டது. இதற்கு மூலமான பிசினை லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இதே முறையில் மின்சாரத் தளவாடங்களுக்காகப் பலகை செய்து, அதற்கு மைகார்ட்டா என்று பெயர் வைத்தது.

அந்த மைகார்ட்டாதான் இன்று விலை உயர்ந்த கத்திகளின் பிடி. பழைய ஜீன்ஸ் துணியை எபாக்ஸியில் ஊறவைத்து டெனிம் மைகார்ட்டா செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வீடியோக்களில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். கடலலை மாதிரி நீலக் கோடுகள். அப்படியொரு வீடியோவை ஒரு நாள் அப்பாவிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, "ஹைலம்தான் கண்ணு இது. கலர் மட்டும் வேற" என்றார்.

ஒரு வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அலுமினியத்தை உருக்கலாம். ஹைலத்தை உருக்க முடியாது. ஒரு முறை சூட்டில் இறுகிவிட்டால் அந்தப் பிசின் திரும்ப இளகாது. மேலும் சூடு வைத்தால் கருகும். எடைக்கு வாங்கும் பழைய இரும்புக் கடைக்காரர்கூட ஹைலத்தைச் சீந்த மாட்டார். அதை மறுசுழற்சி செய்ய வழியில்லை. வெட்டி, தேய்த்து, வேறொன்றாக மறுபடி பயன்படுத்தலாம், அவ்வளவுதான். அதற்கு ஆலை வேண்டாம். யாராவது ஒருவர் அதை எடுத்துப் பார்த்து, இது எதற்கு ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

*

அப்பா முதலில் அந்தக் கத்தியைச் செய்ய நினைத்தது 1996இல். கம்பெனியில் டெர்மினல் போர்டு வெட்டியது போக மிஞ்சும் ஹைலம் துண்டுகளைப் பின்பக்கம் கொட்டி எரிப்பார்கள். இரும்பு, செம்பு, அலுமினியச் சிதறல் எல்லாம் எடைபோட்டு ஏலத்துக்குப் போகும். ஹைலத்துக்கு விலை இல்லை, அதனால் நெருப்பு. எரிகிற குவியலுக்குப் போகவிருந்த உள்ளங்கை அகலத் துண்டு இரண்டை அப்பா எடுத்துத் தூக்குப்போசியின் அடியில் வைத்துக்கொண்டு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தார். அன்றைக்கு கேட்டில் சோதனை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெமோ கொடுத்தார்கள். அதில் 'கம்பெனிப் பொருளைத் திருடியது' என்று எழுதியிருந்தது. ஒரு நாள் சம்பளம் பிடித்தார்கள். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். எங்கள் லைன் வீட்டில் அதே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் இன்னும் மூன்று குடும்பம். ஒரு வாரத்துக்கு அம்மா பொதுக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க எல்லோரும் போன பிறகுதான் போனாராம். "எரிக்கற சாமானுங்க அது. அதுக்குப் போயித் திருட்டுப்பட்டம்" என்று அம்மா இப்போதும் சொல்வார். அப்பா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

கம்பெனியின் பக்கத்து நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. கழிவை எடுத்துப் போகலாம் என்று அனுமதித்தால், நல்ல பொருள் வேண்டுமென்றே கழிவாக்கப்படும் என்று மேலாளர்கள் பயப்படுவார்கள். எல்லா ஊர்த் தொழிற்சாலைகளிலும் இருக்கிற பயம்தான். ஆனால் அந்த விதிக்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. எரிக்கும்வரை அது கம்பெனியின் சொத்து. எரித்த பிறகு யாருடையதும் அல்ல. இடையில், ஒரு பொருளாக அதைக் கண்ணால் பார்த்தவனுக்கு மட்டும் அதில் உரிமை இல்லை.

குப்பைக்கும் சொந்தக்காரன் உண்டு. குப்பை விலைபோக ஆரம்பிக்கும் இடத்தில் அது தெரியவரும். சென்னையிலோ கோவையிலோ தெருத் தெருவாகப் பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்களைப் பல பத்தாண்டுகளாகத் திருடர்களைப் போலத்தான் நடத்தினோம். சாக்குப்பையோடு ஒருவர் தெருவில் நுழைந்தால் நாய் குரைக்கும், வாட்ச்மேன் தடியைத் தட்டுவார். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள்தான் அவர்களைக் கழிவு சேகரிப்பவர்கள் என்று பெயர் சொல்லி ஏற்று, உள்ளாட்சிகள் தங்கள் ஏற்பாட்டுக்குள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றன. அவர்களால் உயிர்பெற்ற பொருள் எதிலும் அவர்கள் பெயர் அச்சாகிப் பார்த்ததில்லை. காப்ஸ்யூல் கத்தியில் இரண்டு கம்பெனிகளின் பெயர் இருக்கிறது. ஏனென்றால் அங்கே குப்பையின் சொந்தக்காரரே அதைப் பொறுக்கினார்.

*

அப்பா பிறகு அந்தக் கத்தியைச் செய்தது கம்பெனிக் கழிவில் இல்லை. எங்கள் லைன் வீட்டுக்கு வயரிங் மாற்றியபோது கழற்றிப்போட்ட சுவிட்ச் பெட்டியின் ஹைலம் பலகையை வீட்டு ஓனரிடம் கேட்டே வாங்கினார். பிளேடு, கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் கொடுத்தது. அப்பா காசு கொடுக்கப் போனாராம். அவர் சிரித்துக்கொண்டே "எடுத்துட்டுப் போங்கண்ணா" என்றாராம். அதனால் எங்கள் கத்தியின் பிடியில் ஒரு பக்கம் வேலையில்லாத ஒரு துளை இருக்கிறது. ஒரு காலத்தில் சுவிட்ச்சைப் பிடித்திருந்த திருகின் துளை.

சுவிஸ் கத்தியைப் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிடி அலுமினியமா?"

"ஆமாங்கப்பா. காப்பி குடிச்சுட்டு வீசற டப்பாவை உருக்கிச் செஞ்சதாம்."

"ஒரு காப்பிக்கு ஒரு டப்பாவா?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அலகைத் திறந்தார். ஸ்பிரிங் 'டக்'கென்று நின்ற சத்தத்தைக் கேட்டு, மடக்கி, மறுபடி திறந்தார். "வேலை சுத்தமா இருக்குது" என்றார். அவர் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் மிக உயர்ந்த பட்டம் அது.

"டப்பாவை யாரு பொறுக்குவாங்க?"

"குடிச்சவங்களே ஒரு பையில போட்டு வைப்பாங்க. கம்பெனியே வாங்கிக்கும்."

"செரி. அப்பக் கேட்டுல யாரும் புடிக்க மாட்டாங்க" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த கேட்டைப் பற்றி அப்பா வாயிலிருந்து நான் கேட்ட முதல் வாக்கியம் அதுதான். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு அவருடைய கவனம் ரிவெட்டுக்குப் போனது. "பிடி நசுங்கிப் போச்சுன்னா மாத்தறது எப்புடி?" நான் முன்பு யோசித்துப் பார்க்காத கேள்வி. விக்டோரினாக்ஸின் வழக்கமான சிவப்புப் பிடி, செல்லிடோர் என்ற பிளாஸ்டிக். அது அழுத்தி மாட்டியது. உடைந்தால் கழற்றிவிட்டு, புதியதை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். அலுமினியப் பிடி அப்படியில்லை. கத்தி முழுவதையும் ஊடுருவி ரிவெட் அடித்திருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் கத்தியையே பிரிக்க வேண்டும். தகடு அவ்வளவு சீக்கிரம் உடையாது என்பதும் உண்மை. பொருளிலோ வேலையிலோ குறை இருந்தால் ஆயுள் முழுக்க உத்தரவாதமும் தருகிறார்கள். ஆனாலும் மறுசுழற்சிப் பிடியைவிடப் பிளாஸ்டிக் பிடிதான் வீட்டில் பழுது பார்க்கத் தோதானது என்பது பெட்டியில் எழுதியிருக்காத செய்தி. அப்பாவின் கத்தியில் ஒரு ஸ்பேனர் போதும். இதுவரை இரண்டு முறை நட்டு மாற்றியிருக்கிறார், ஒரு முறை புஷ். அலகு தீட்டித் தீட்டி முக்கால் அகலம் ஆகிவிட்டது. ஹைலம் மட்டும் அப்படியே இருக்கிறது, கை பட்டுக் கறுத்து.

பழைய கத்தியைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் எனக்கு விருப்பமில்லை. ஹைலத்தை அரம் வைத்துத் தேய்க்கும்போது மருந்துக்கடை மாதிரி ஒரு வாடை அடிக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. அப்பா முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல்தான் தேய்த்தார். கடையில் ஒரு நல்ல கத்தி வாங்கக் காசு இருந்திருந்தால் வாங்கியிருப்பார். அவர் பூமியைக் காப்பாற்ற அதைச் செய்யவில்லை. வெற்றிலைப்பாக்கு, வயரின் தோல், மாங்காய், அம்மாவின் பூக்கட்டும் நார் எல்லாவற்றையும் வெட்ட ஒரு கத்தி வேண்டியிருந்தது, செய்தார்.

இன்று அப்படி ஒன்றைச் செய்ய நினைத்தாலும் பொருள் கிடைக்காது. பெரிய பட்டறைகளில் பவர் ஆக்சா போய் பேண்ட்சா வந்துவிட்டது. பேண்ட்சா பிளேடில் பல்லின் ஓரம் மட்டும்தான் ஹை ஸ்பீட் ஸ்டீல். முதுகு வளைந்து கொடுக்கும் வேறு ஸ்டீல், இரண்டையும் ஒட்ட வைத்திருப்பார்கள். பல் போனால் அதில் கத்திக்கு ஆகிற எதுவும் மிஞ்சாது. விலையுயர்ந்த ஸ்டீலை வேண்டிய இடத்தில் மட்டும் வைப்பது நல்ல பொறியியல்தான். ஆனால் அதனால் கழிவும் மாறிவிட்டது. சுவிட்ச் பெட்டிகள் பிளாஸ்டிக் ஆகிவிட்டன. ஒரு பொருள் செத்த பிறகு இன்னொருவன் கைக்கு என்னவாகப் போகும் என்பது, அதை டிசைன் செய்யும் நாளிலேயே கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது. கத்தியானாலும் நான் எழுதுகிற மென்பொருளானாலும், அந்தக் கேள்வியை டிசைன் மீட்டிங்கில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சுவிஸ் கத்தி இப்போது அம்மாவிடம் இருக்கிறது. டின் திறக்கும் அலகால் பால்பவுடர் டப்பா திறக்கிறார். அப்பா தன் பழையதை விடுவதாக இல்லை. போன வாரம் ஃபோனில் பேசும்போது, கணபதிப் பட்டறைக்காரரின் மகன் பரணைச் சுத்தம் செய்ததில் பழைய பவர் ஆக்சா பிளேடு நான்கு அகப்பட்டதாகச் சொன்னார். எனக்கு ஒன்று செய்யட்டுமா என்று கேட்டார். முகத்துக்கு மாஸ்க் போடுவதாக ஒத்துக்கொண்டால் செய்யுங்கள் என்றேன். சரி என்றார். ஹைலத்தை மட்டும் நான் தேடிக்கொண்டு வர வேண்டுமாம்.